மகள் தேர்ந்தெடுத்த துவக்கு

ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் வீட்டு ரெலிபோன் அடித்தது. வேலையால் வந்து அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றியிருந்தேன். ஒரு வெள்ளைக்காரக் குரல் என் மகளின் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டது. இல்லை என்றேன்.

"பரவாயில்லை, வந்தால் சொல்லுங்கள். அவர் கேட்ட விலைக்குள் ஒரு செமி-ஓட்டோமற்றிக் துவக்கு வந்திருக்கிறது. பாவித்ததுதான், ஆனால் நல்ல நிலையில் இருக்கிறது. சனிக்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

நன்றி சொல்லி ரிசீவரை வைத்தேன். துப்பாக்கி விற்கிறவருக்கு ஏன் நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஓக்லாந்தின் புறநகரான விரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தின் அலுவலகத்தில் வேலை செய்தாள். நாங்கள் ஓக்லாந்துக்கு வந்து மூன்று வருடம் ஆகவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீட்டை எரித்தபோது பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் நாலு நாள் ஒளிந்திருந்தோம். அந்த நாலு நாளும் அவள் ஒரு சொல் பேசவில்லை. அழவும் இல்லை, சுவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு, அவள் எதையாவது உற்றுப் பார்த்தால், என்ன நினைக்கிறாளோ என்று நான் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் சொந்தத்தில் இரண்டு பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லாமல் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போயிருந்தார்கள். அதில் ஒருத்தி பெண்.

எங்கள் வீடுகளில் பிள்ளையிடம் நேரே கேட்கிற பழக்கம் இல்லை. முதலில் துருவிப் பார்ப்போம். மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் அவளுடைய மேசை லாச்சியைத் திறந்தேன். ஒரு தாளில் கோடு கீறி, மூன்று வகைத் துவக்குகளை ஒப்பிட்டு எழுதியிருந்தாள். ஊரில் நான் கணித வாத்தியார்; என் மகள்தானே. இரட்டைக் குழல்: விலை மலிவு, தோளில் உதைப்பு அதிகம். பம்ப்: நம்பலாம், ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுக்க வேண்டும். செமி-ஓட்டோமற்றிக்: அடுத்த தோட்டா தானே ஏறும், உதைப்புக் குறைவு, சேறு பட்டால் அன்றைக்கே கழற்றித் துடைக்க வேண்டும். கீழே வேறு மையில்: "வள்ளம் நாலரை மணிக்கு. சத்தம் கூடாது. விடிய முன்னம் இடத்தில் இருக்க வேண்டும்."

வள்ளம், இருட்டு, சேறு. ஊரில் பிள்ளைகள் கடல் தாண்டிப் பயிற்சிக்குப் போனதெல்லாம் இப்படித்தான். மனைவிக்கு மட்டும் தாளில் இருந்ததைச் சொன்னேன். மகளின் பாஸ்போட்டை எடுத்து அரிசிப் பேணிக்குள் புதைத்தேன்.

வியாழக்கிழமை, சுகமில்லை என்று சொல்லி வேலைக்குப் போகாமல் நின்றேன். நாலு மணிக்குக் கதவில் தட்டும் சத்தம். திறந்தால் பொலிஸ்காரர். உயரமானவர், தொப்பியைக் கையில் வைத்திருந்தார். மகளின் பெயரைச் சொல்லி, இங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டார்.

ஊரில் ஒரு விதி இருந்தது. பொலிஸோ ஆமியோ பிள்ளையைக் கேட்டு வந்தால் பிள்ளை வெளிநாட்டில். யோசிக்கத் தேவையில்லை, வாய் தானே சொல்லும்.

"மகள் ஒஸ்ரேலியாவுக்குப் போய்விட்டாள்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதவுக்குப் பின்னால் தொங்கிய பெண்பிள்ளையின் கோட்டைப் பார்த்தார். சின்னக் கொப்பியைத் திறந்தவர், எழுதாமலே மூடினார். "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு மணிக்கு மகள் வந்தாள். கைப்பையைக்கூட வைக்கவில்லை.

"அப்பா, நான் எப்ப ஒஸ்ரேலியாவுக்குப் போனனான்?"

நான் கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டைப் பார்த்தேன்.

"வேலைக்குப் பொலிஸ் போன் பண்ணிக் கேக்குது, இப்ப எங்கை நிக்கிறியள் எண்டு. விரியிலை நிக்கிறன் எண்டன். அந்தாள் சிரிக்குது. துவக்கு லைசென்ஸ் குடுக்க முதல் வீட்டிலை உள்ளவையோடை கதைக்கிறது இஞ்சத்தையச் சட்டம். அதுக்குத்தான் வந்தவர்."

"உனக்கேன் பிள்ளை துவக்கு?"

"வாத்துச் சுட."

குசினிக்குள்ளிருந்து மனைவி தலையை நீட்டினாள். "வாத்து வேணுமெண்டா மனுகாக் கடையிலை உரிச்சு ஐஸ் போட்டு வைச்சிருக்கிறாங்கள். அதுக்கேன் வள்ளமும் விடியப்புறமும்?"

மே மாதத்து முதல் சனிக்கிழமை வாத்து வேட்டை தொடங்குமாம். வைக்காட்டோ ஆற்றுச் சதுப்பில், விடிய முன்னம் வள்ளத்தில் போய் வாத்துக் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கத் தடியும் தழையும் வைத்துக் கட்டிய குடில் ஒன்று உண்டாம். அதற்கு மைமை என்று பெயர். போன வருடமே அவள் பார்க்கப் போயிருக்கிறாள். எங்களுக்கு ஓவர்ரைம் என்று சொல்லியிருந்தாள்.

"ஆரோடை?" என்றேன்.

"எங்கடை சுப்பவைசர் மனுசி. அறுபது வயசு. அவவின்ரை மனுசனும் நாயும்."

"வேறை ஆம்பிளையள்?"

"நாய் ஆம்பிளைதான்."

மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா விடுவியளோ? அது கிடக்கட்டும், நேற்றிலையிருந்து தேடுறன், என்ரை பாஸ்போட் எங்கை?"

மனைவிதான் அரிசிப் பேணியைக் கொண்டுவந்து வைத்தாள். மகள் பாஸ்போட்டை எடுத்து ஒட்டியிருந்த தவிட்டை ஊதினாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"இதையோ நினைச்சனீங்கள்? அப்பிடிப் போறதெண்டா உங்களுக்குச் சொல்லாமப் போவனோ?"

சொல்லாமல் போக மாட்டாளாம். போகவே மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அன்றிரவு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

"சனிக்கிழமை கடைக்கு நீங்களும் வாங்கோ," என்றாள் மறுநாள் காலை. "உங்களுக்குப் பிடிக்காட்டி வாங்கேல்லை."

கடை கிளென்ஃபீல்டில். துறைமுகப் பாலம் தாண்டிக் காரில் போனோம். கடைக்காரர் இரண்டு செமி-ஓட்டோமற்றிக்குகளை மேசையில் வைத்தார். ஒன்று பாவித்தது, மரக்கட்டையில் கீறல்கள். மற்றது புதுசு, ஏதோ ஒரு மலிவான தயாரிப்பு. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. உள்ளே தோட்டா இல்லை, பயப்பட வேண்டாம் என்று திறந்து காட்டினார். எனக்குப் புதியதில் சந்தேகம், ஏன் இவ்வளவு மலிவு என்று. பழையதில் அதைவிடச் சந்தேகம், யாருடைய கையில் இருந்தது என்று. இரண்டையும் கேட்டேன். ஒரு கிழவருடையது, முழங்கால் போய்விட்டது, சதுப்பில் இறங்க முடியவில்லை என்றார். அதையும் நான் நம்பவில்லை.

மகள் புதியதைத் தூக்கித் தோளில் வைத்தாள். இடது தோளில். அவள் இடது கைக்காரி. அப்போதுதான் கவனித்தேன்: வெடிக்காமல் பூட்டி வைக்கிற பொத்தான் வலது கைக்காரருக்கு ஏற்ற பக்கத்தில் இருந்தது.

"இவள் இதை எப்படிப் பூட்டுவாள்?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார். புதியதில் அதை மாற்ற முடியாது, பழையதில் பொத்தானைக் கழற்றித் திருப்பிப் போடலாம் என்றார். சுட்டதும் வெற்றுத் தோட்டா எந்தப் பக்கம் பறக்கும் என்று கேட்டேன். வலப்பக்கம், அவள் முகத்துக்கு முன்னால்தான், ஆனால் தள்ளித்தான் விழும் என்றார். கண்ணாடி போட வேண்டும் என்றேன். போட வேண்டும்தான் என்று ஒப்புக்கொண்டார்.

"பழசுதான் அப்பா," என்றாள் மகள். "அதுவும் நீங்கள் ஓம் எண்டாத்தான்."

நான் ஓம் என்று சொல்லவில்லை. லைசென்ஸ் இல்லாமல் எதுவும் கொடுக்க மாட்டேன் என்று கடைக்காரரும் சொல்லிவிட்டார். என் பொய்யால் அது இனிக் கிடைக்குமோ என்பதும் தெரியவில்லை. வேட்டை தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது. திரும்பி வரும்போது அவள் யன்னலுக்கு வெளியே, அந்தப் பழைய உற்றுப் பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் வேலையில் இருந்தபோது அதே பொலிஸ்காரர் வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். மனைவி கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். மகள் தன்னோடு பேசியதாகவும், நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று சொன்னதாகவும் சொன்னார். கொப்பியைத் திறந்து முழங்காலில் வைத்தார்.

"அவரிடம் துவக்கு இருக்கலாமா என்று நான் கேட்க வேண்டியது உங்களைத்தான்," என்றார். "வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுவேன். சரி என்றால் சரி என்று எழுதுவேன். எதைச் சொன்னாலும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டு யாரும் இந்தக் கதவைத் தட்ட மாட்டார்கள்."