அப்பாவின் ஒன்பதாயிரம் காலடிகள்

மதியச் சாப்பாட்டின்போது போனைப் பற்றிப் பேச்சு வந்தால் தெங் ஹேஷான் சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவான். ஹாங்சோவில், பள்ளிக்கூடச் சமையலறைகளுக்கு அடுப்பும் அலமாரியும் விற்கும் சின்னக் கம்பெனி அது. பதினான்கு பேர். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அவன் முன்பு எங்கே இருந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஜன்னலோரம் போனாலும் விடமாட்டார்கள்.

“நேத்து வீட்ல வாத்துக்கறி வாங்கலாமான்னு பேசினோம். வெறும் பேச்சு. காலைல போனைத் திறந்தா ஒரே வாத்தா வருது,” என்பாள் வரவேற்பில் இருக்கும் பெண்.

“நீ பேசறதை ஒட்டுக்கேக்க போன் கம்பெனிக்காரனுக்கு என்ன தலையெழுத்து? உன் புருஷனே கேக்கறதில்ல,” என்று சீண்டுவார் ஒருவர்.

“நீங்க சொல்லுங்கண்ணே. கேக்கறாங்களா இல்லையா?”

“கேக்க வேண்டிய அவசியமே இல்ல,” என்பான் ஹேஷான். சாப்பாட்டை முடித்துக் கிண்ணத்தைக் கழுவப் போய்விடுவான்.

இப்போது அவனுக்கு நாற்பது வயது. நான்கு வருடத்துக்கு முன்பு வரை ஆற்றுக்குத் தெற்கே, கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் பதினோராவது மாடியில் வேலை பார்த்தான். ஆறு பேர் கொண்ட குழு. லட்சக்கணக்கான போன்கள் எந்த இடத்தில் இரவில் கிடக்கின்றன, எத்தனை மணிக்கு எழுந்து கிளம்புகின்றன, ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கின்றன என்பதைப் பார்த்து, யார் வீடு மாறினார், யார் வீட்டில் குழந்தை வரப்போகிறது, யாருக்கு வேலை போயிற்று என்று கண்டுபிடிப்பார்கள். பட்டியல் விளம்பரக்காரர்களுக்குப் போகும். குழந்தைக்குப் பால்மாவு விளம்பரம். வேலை போனவருக்குக் கடன் விளம்பரம்.

அதில் அவனுக்கு உறுத்தல் எதுவும் இருந்ததில்லை. “எங்களுக்குப் பேர் தெரியாது. எண்தான் தெரியும்,” என்பான் மனைவி லிஜுவானிடம். அவள் தன் மடிக்கணினியின் காமிராமேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டிவைத்திருப்பவள்.

“கடனை எண்ணா வாங்குது? ஆள்தானே வாங்கறான்?” என்பாள்.

குழுவில் அவன் பெயர் சொல்லும்படி ஒரு காரியம் செய்திருந்தான். சில போன்களின் நடை ஒரு வாரத்துக்குள் தலைகீழாக மாறிவிடும். எழுபது வயதுக்காரர் திடீரென்று முன்னைவிட ஒன்றரை மடங்கு நடப்பார். அப்படி நடந்தால் அது அவர் இல்லை, போன் வேறு ஆளிடம் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். இந்த விதியை எழுதியவன் ஹேஷான். ‘கை மாறிய போன்’ என்று அதற்குப் பெயர் வைத்ததும் அவன்தான்.

அவன் அப்பா தெங் குவாங்தே ஜிங்மென் நகரில் தனியாக இருந்தார். உரத் தொழிற்சாலையின் கொதிகலன் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபிறகும் தொழிற்சாலைக் குடியிருப்பை விட்டு வர மறுத்துவிட்டார். போன் நம்மை வேவு பார்க்கிறது என்று யாராவது சொன்னால் சிரிப்பார். “எங்கிட்ட பாக்க என்ன இருக்கு? என் முட்டிவலி இருக்கு. பாத்துட்டுப் போகட்டும்.”

அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு ஓடாது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீங்க, ஆச்சு. இருபது நொடியில் முடிந்துவிடும். அவர்களுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தது வேறொன்று. எல்லோர் போனிலும் இருக்கிற அந்தச் செயலியில், தெரிந்தவர்கள் அன்றைக்கு எத்தனை காலடி நடந்தார்கள் என்ற பட்டியல் வரும். பக்கத்தில் ஓர் இதயக்குறி இருக்கும். பிடித்திருந்தால் அமுக்கலாம். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா மகனுடைய இதயத்தை அமுக்குவார். மகன் அப்பாவுடையதை அமுக்குவான். அப்பாவுக்கு ஆறாயிரம்: குடியிருப்பிலிருந்து ஏரிவரை போய்த் திரும்புவது. மகனுக்கு நான்காயிரம்: மெட்ரோ, அலுவலகம், சாப்பாட்டுக்கூடம், மறுபடி மெட்ரோ. ஏழு வருடமாக ஒரு நாள் விடாமல் நடந்தது இது.

அந்த மார்ச் மாதம் கம்பெனி ஹேஷானை அனுப்பிவிட்டது. அனுப்புவதைக் கம்பெனியில் ‘பட்டமளிப்பு’ என்பார்கள். கொதிக்கும் குழம்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து குழுவினர் அவனுக்கு விருந்து கொடுத்தார்கள்.

“முப்பத்தாறு வயசுல பட்டம். மக்குப் பையன்டா நீ. நல்ல பையனெல்லாம் முப்பத்தஞ்சுலயே வாங்கிட்டுப் போயிட்டான்.”

“அடுத்த வாரம் நம்ம பட்டியல்லயே இவன் பேர் வரும் பாரு.”

“பேர் வராதுடா, எண்தான் வரும்,” என்றான் ஹேஷான். மேஜை முழுக்கச் சிரித்தது. ஐந்தாம் நாள் அவன் போனில் முதல் கடன் விளம்பரம் வந்தது. தாங்கள் கணித்ததைவிட இரண்டு நாள் சீக்கிரம் என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது.

அதற்கு முன்பே, மூன்றாம் நாள், அப்பா போனில் கூப்பிட்டிருந்தார். “என்னடா இது, எழுநூறு அடி? உடம்பு சரியில்லையா?”

“இல்லப்பா. வீட்லேர்ந்தே வேலை பாக்கச் சொல்லியிருக்காங்க.”

“வீட்லேர்ந்தா? ஆளைத் தூக்கறதுக்கு முன்னாடி அப்படித்தான் சொல்வாங்களாம். என் கூட்டாளி பாங்கோட மருமகனுக்கு அப்படித்தான் ஆச்சு. உன் வயசுல போனா மறுபடி எவனும் எடுக்க மாட்டான். ஒரு நாள்கூட லீவு போடாதே, கேட்டியா?”

“சரிப்பா. ரெண்டு நாள்தான். திங்கக்கிழமைலேர்ந்து போறேன்.”

திங்கட்கிழமைக்குள் ஒரு சாதனம் வாங்கிவிட்டான். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. போனை அதில் மாட்டிச் சுவிட்சைப் போட்டால் இப்படியும் அப்படியும் ஆட்டும். போன் தான் நடப்பதாக நினைத்துக்கொள்ளும். காலடி எண்ணிக்கைப் போட்டிகளில் பரிசுக்காக ஏமாற்றுகிறவர்கள் வாங்குவது. வீட்டில் அதைத் தொட்டில் என்றார்கள்.

“தாலாட்டும் பாடட்டுமா?” என்று கேட்டாள் லிஜுவான்.

அவன் சிரிக்கவில்லை. காலையில் மெட்ரோவுக்கு நடக்கும் நேரம், மதியம் சாப்பாட்டுக்கூடம் போகும் நேரம், மாலை திரும்பும் நேரம் என்று பிரித்து ஆட்டினான். ஒரே எண்ணிக்கை வந்தால் பொய் தெரிந்துவிடும் என்பது அவன் தொழில். ஒரு நாள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரும்படியும், மறுநாள் மூவாயிரத்து எண்ணூற்று எழுபது வரும்படியும் பார்த்துக்கொண்டான்.

“பேசாம உங்க அப்பாகிட்ட சொல்லிடேன். அடிக்கவா போறார்?”

“வேற வேலை கிடைச்சதும் சொல்றேன்.”

“கிடைச்சப்புறம் சொல்றதுக்கு என்ன இருக்கு?”

வேலை கிடைக்கவில்லை. ஒரு நேர்காணலில் தன்னைவிட ஒன்பது வயது இளையவன் ஒருவன், “ராத்திரி பத்து மணிவரைக்கும் உக்கார உடம்பு ஒத்துழைக்குமா சார்?” என்று கேட்டான். ஒத்துழைக்கும் என்றான். இரண்டு நாளில் பதில் சொல்வதாகச் சொன்னார்கள். சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில் அப்பாவின் கணக்கு ஏறத் தொடங்கியது. எட்டாயிரம், எட்டாயிரத்து எழுநூறு, ஒன்பதாயிரம். ஹேஷானுக்குச் சந்தோஷமாக இருந்தது. “அப்பாவுக்கு முட்டி சரியாயிடுச்சு போல,” என்று போனை லிஜுவானிடம் நீட்டினான். அவள் பார்த்துவிட்டு, “நீயும் கொஞ்சம் நட. நெஜமா நட,” என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அவ்வளவு ஓய்வான நாட்கள் அவனுக்கு வாய்த்ததில்லை. ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருக்கலாம் என்று மே மாதத்தில் இரண்டு தடவை ரயில்களைத் தேடினான். ஆனால் வேலை நாளில் போய் நின்றால் கேள்வி வரும். விடுமுறை நாளில் போகலாம் என்றால் கூட்டம். ஒன்பதாயிரம் காலடி நடக்கிற மனிதரைப் பார்க்க அவசரம் எதுவும் இல்லை என்று மனம் சொன்னது. சாயங்காலம் ஆறு மணிக்கு இதயம் தவறாமல் வந்தது. அவனும் அமுக்கினான்.

ஜூலைக் கடைசியில் ஒரு பிற்பகல், அப்பாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தொட்டிலை நிறுத்திப் போனைக் கழற்றி எடுத்தான்.

“ஹேஷான், நான் பாங் பேசறேன்.” அப்பாவோடு கொதிகலன் பிரிவில் இருந்தவர். பக்கத்துக் கட்டடத்தில் குடியிருப்பவர்.

“சொல்லுங்க மாமா. அப்பா எங்க?”

“ஆஸ்பத்திரில. நீ கிளம்பி வா. என்னைத் திட்டுவான், திட்டட்டும். என்னால முடியல.”

“என்ன மாமா ஆச்சு? நேத்துகூட ஒன்பதாயிரம் நடந்திருக்கார்.”



“அது நான்டா. ஏப்ரல்லயே தெரிஞ்சுபோச்சு, கல்லீரல்னு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். தெரிஞ்சா லீவு போட்டுட்டு வருவான், வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயம். நீ நடக்கறப்ப இதையும் எடுத்துட்டுப் போடான்னு போனை எங்கிட்ட குடுத்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த இதயத்தையும் நான்தான் அமுக்கணும். நான் ஏரியைச் சுத்தி ஒரு ரவுண்டு ஜாஸ்தி போறவன். ‘குறைச்சு நடடா, பையன் இதே தொழில்ல இருக்கான், கண்டுபிடிச்சுடுவான்’னு தினம் கத்துவான். நீ எங்க கண்டுபிடிச்ச.”

ரயிலில் ஆறரை மணி நேரம். தான் எழுதிய விதியை ஹேஷான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். வயது எழுபதுக்கு மேல். ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கு. ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற, பெயர் தெரியாத கிழவர் ஒருவருடைய எண்ணாக இருந்திருந்தால் மேஜையில் தேநீர் ஆறுவதற்குள் விலக்கியிருப்பான்.

அப்பா பாதியாகியிருந்தார். கண்கள் மஞ்சள். அவனைப் பார்த்ததும் முதலில் பாங்கை முறைத்தார். பிறகு கேட்டார்: “லீவு குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க.”

“எத்தனை நாள்?”

“ஒரு வாரம்.”

“ஜாஸ்தி. அஞ்சு நாள்ல போயிடு.”

ஹேஷான் கட்டிலருகே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டான். வேலை செய்வதுபோல் தட்டினான். நடைவழிக்குப் போய் இல்லாத அதிகாரியோடு போனில் பேசினான். அப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. “இவன் இல்லாட்டி அங்க ஒண்ணும் ஓடாது,” என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார். கஞ்சி ஊட்ட வந்தால், “வேலையப் பாரு, பாங் குடுப்பான்,” என்று தள்ளினார். பாங் ஊட்டினார். ஹேஷான் தட்டிக்கொண்டிருந்தான்.

ஒன்பதாம் நாள் காலையில் அப்பாவின் குரல் கொஞ்சம் தெளிவாக இருந்தது.

“சாயங்கால வண்டிக்குக் கிளம்பு. பாங்கை டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கேன்.”

“லீவை நீட்டிக்கச் சொல்லியிருக்கேன்பா.”

“யாரை ஏமாத்தற? ஒரு வாரம் குடுத்தான், ரெண்டு நாள் மேல ஆச்சு. இன்னும் நீட்டினா சீட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துடுவான். நான் இன்னைக்கே ஒண்ணும் சாகமாட்டேன். போ.”

“நான் போகலப்பா.”

“போடான்னா.”

“போறதுக்கு வேலை இல்லப்பா.”

பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பலேர்ந்து?”

“மார்ச்சுலேர்ந்து.”

“நாலாயிரம் நாலாயிரமா நடந்தியே?”

“நடக்கல. போனை ஆட்டறதுக்கு ஒரு மிஷின் இருக்கு.”

அப்பா அதைப் பற்றிக் கேட்கவில்லை. சிரிப்பார் என்று ஹேஷான் ஒரு கணம் எதிர்பார்த்தான். அவர் உதடுகள் அசைந்தன. ஏதோ கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.

“அப்ப இத்தனை மாசம் நீ வீட்ல சும்மாதான் உக்காந்திருந்தியா?”

“ஆமாம்பா.”

“மே மாசம் எனக்கு நடக்க முடிஞ்சுதுடா,” என்றார். “மெதுவா. கைத்தடி வச்சுக்கிட்டு. ஜூன் பாதிவரைக்கும்கூட முடிஞ்சுது.”

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஹேஷான் அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மடிக்கணினி திறந்தே கிடந்தது. செவிலி வந்து குழாயைச் சரிசெய்தாள். மதியக் கஞ்சியை அவன்தான் ஊட்டினான். அப்பா வாயைத் திறந்தார், விழுங்கினார், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பீச் பழங்களும் ரயில் டிக்கெட்டுமாக வந்த பாங், அப்பா தூங்குவதைப் பார்த்துவிட்டு ஹேஷானை நடைவழிக்குக் கூப்பிட்டார். அங்கே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“டிக்கெட் வேண்டாம் மாமா. சொல்லிட்டேன்.”

பாங்குக்கு எதைச் சொன்னான் என்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கினான். அவர் கேட்டுக்கொண்டே ஒரு பழத்தைத் தோலுரித்தார்.

“உங்கப்பன் என்ன சொன்னான்?”

“மே மாசம் நடக்க முடிஞ்சுதுன்னு.”

பாங் பழத்தை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவனிடம் கொடுத்தார்.

“முடிஞ்சுதுதான்,” என்றார். “மூணு தடவை ஏரிவரைக்கும் வந்தான். அங்க உக்கார பெஞ்சு இருக்கு.”