ஊர்சுத்திக்குத் தெரியாத வழி

தபால்காரியாக வேலைக்குச் சேர்வதற்கு வெகுநாள் முன்பே அவளுக்கு 'ஊர்சுத்தி' என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தது பெற்ற தாய்தான், அதுவும் திட்டுவதற்காக. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் காலையில் எதையோ வாயில் அடைத்துக்கொண்டு கிளம்பினால், பிறகு அவள் எங்கே இருக்கிறாள் என்று ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அம்மா போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று: "தெருவிளக்கு எரியும்போது நீ வாசல்ல நிக்கணும். அவ்வளவுதான்." அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாமே அப்படித்தான் வளர்ந்தன. அதைச் சுதந்திரம் என்று யாரும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சுற்றல் வீண்போகவில்லை. எந்த நாய் குரைக்கும், எது சத்தம் போடாமல் கடிக்கும், எந்த வீட்டுப் பின்வாசல் எந்தத் தெருவில் திறக்கும் என்பதெல்லாம் பத்து வயதிலேயே அவளுக்கு அத்துப்படி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பழைய ஆள் ஆறு மணி நேரம் சுற்றிய பகுதியை மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்து நின்றாள். பையோடு எங்கேயாவது கொட்டிவிட்டாளோ என்று சந்தேகப்பட்டு, போஸ்ட் மாஸ்டர் நாலு வீட்டுக்குப் போன் போட்டே பார்த்தார். எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து விலாசம் சரியில்லாத கடிதமெல்லாம் அவள் கைக்குத்தான் வரும். 'சோப்பு கம்பெனிக்குப் பின்னால், நீலக் கதவு' என்று மொட்டையாக எழுதியிருந்தாலும் போதும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கடிதம் வீடு மாறியதில்லை.

பெருமையை மனதுக்குள் பூட்டி வைக்கிற ரகமும் இல்லை அவள். தினமும் சாப்பாட்டு மேசையில் அதே கச்சேரிதான். சோப்பு கம்பெனிச் சுவர் ஓட்டையில் தலை மாட்டிக்கொண்ட கதையைப் பத்து வயது மகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். லிஃப்ட் மெக்கானிக்கான வீட்டுக்காரர் அதை நூறு தடவை கேட்டவர், தட்டைப் பார்த்தே சாப்பிடுவார்.

ஒருநாள் மகள் கேட்டாள்: "ஏம்மா, அப்பல்லாம் நீ தனியாவா போன?"

"பின்னே? துணைக்குப் போலீஸா வந்துது?"

"அப்ப நான் மட்டும் ஏன் லைப்ரரிக்குத் தனியா போகக் கூடாது? பன்னெண்டு நிமிஷம்தானே?"

அவள் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டாள். வீட்டுக்காரர் முதல் தடவையாகத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டியா? பதில் சொல்லு."

பதில் இருந்தது, சொன்னால் வெட்கக்கேடு. பள்ளி வேன் வாசல் வரை வருகிறது. மகள் கையில் இருக்கும் கடிகாரம், அவள் எங்கே இருக்கிறாள் என்று அம்மாவின் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வாங்கிக் கட்டியதே இந்த ஊர்சுத்திதான். ஊரெல்லாம் சுற்றியவள் தன் பிள்ளையைத் தெருமுனைக்குக்கூட விடாமல் வளர்த்திருக்கிறாள். இப்போது மறுத்தால், இத்தனை வருஷக் கதையும் வெறும் ஜம்பம் என்று மகள் முடிவு கட்டிவிடுவாள். அதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

"சனிக்கிழமை போயிட்டு வா. கடிகாரமும் வேண்டாம், போ!" என்றாள். கடிகாரம் பற்றிய பேச்சு வெறும் வீம்பில் வந்தது. சொன்ன பிறகு திரும்ப வாங்க வழியில்லை.

சனிக்கிழமை என்ன செய்தாள் தெரியுமா? லைப்ரரிக்குப் போகிற தெருக்கள் வேறொருவர் தபால் போடும் பகுதி. அவரைக் கெஞ்சிக் கூத்தாடி அன்றைக்கு மட்டும் மாற்றிக்கொண்டாள். முன்னால் மகள் புத்தகத்தை அணைத்தபடி நடக்க, நாற்பதடி தள்ளி அம்மா சைக்கிளில். இரண்டு கண்ணும் மகளின் ரெட்டைச் சடை மேல். கடிதங்களை எல்லாம் கைதான் பார்த்துப் போட்டது.

சலவைக்கடை முனையில் மகள் திரும்பினாள். அம்மாவும் அதே முனையில் திரும்பிப் பார்த்தால் தெரு காலி.

சைக்கிளை எப்படி மிதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. லைப்ரரி வாசலில் மகள் இல்லை. உள்ளே குழந்தைகள் பிரிவிலும் இல்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் வழி கண்டுபிடிக்கிற ஊரில், சொந்தப் பிள்ளையைத் தொலைத்துவிட்டுப் படியில் நின்றாள். கடிகாரம் வேண்டாம் என்ற தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்காரருக்குச் சொல்லப் போனை எடுத்தபோது, கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து மகள் வந்தாள். முழங்காலெல்லாம் மண்.

"எங்கடி போன? உயிரே போயிடுச்சு எனக்கு!"

"உன் பின்னாடிதாம்மா இருந்தேன். நீ வர்றது முதல் தெருவுலயே தெரியும். உன் சைக்கிள் கீச்சு கீச்சுன்னு கத்துதே! அதான் சுத்திக்கிட்டுப் பின்னாடி வந்துட்டேன். முப்பத்தி ரெண்டாம் நம்பர் மாமா ஒரு லெட்டரை வெச்சுக்கிட்டுக் கத்திக்கிட்டு இருந்தாரு. அது அடுத்த தெரு முப்பத்தி ரெண்டுக்குப் போகணுமாம். யாரு இந்தக் கண்ணு தெரியாத தபால்காரின்னு கேட்டாரு. எங்கம்மாதான்னு சொல்லி, நானே வாங்கிட்டுப் போய்க் குடுத்துட்டேன்."

பத்தொன்பது வருஷப் பேர் அங்கேயே போயிற்று. ஆனால் ஊர்சுத்தியின் மனம் வேறு கணக்கில் ஓடியது. அடுத்த தெருவுக்குச் சோப்பு கம்பெனியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். போய் வர அரை மணி ஆகும். இவள் பத்தே நிமிஷத்தில் வந்து நிற்கிறாள்.

"சுவர் ஓட்டையிலயா நுழைஞ்ச?"

"அதை எப்பவோ அடைச்சுப் பெயின்ட் அடிச்சுட்டாங்க. நான் வேற வழி கண்டுபிடிச்சேன்."

"எங்க?"

"சொல்ல மாட்டேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்த ஓட்டையைப் பற்றி அவளும்தான் தன் அம்மாவிடம் கடைசிவரை மூச்சு விடவில்லை. "அடி கள்ளி!" என்று மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது.

"புத்தகம் மாத்திட்டு உன்கூடவே வரணுமாம்மா?"

சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். "தெருவிளக்கு எரியும்போது வாசல்ல நிக்கணும். அவ்வளவுதான்." கழுத்து திரும்பத் திரும்ப இழுத்தும், திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஆபீஸில் போஸ்ட் மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். "முப்பத்தி ரெண்டாம் நம்பர்லேர்ந்து போன் வந்துது. உன் பேர்ல முதல் புகார். என்ன பதில் எழுதட்டும்?"

"தப்பு என்னுதுதான்னு எழுதுங்க சார்," என்றாள், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி. "அப்படியே கீழ இதையும் எழுதுங்க. எனக்கே தெரியாத வழியில என் பொண்ணு போய், அந்த லெட்டரைச் சேர்த்துட்டா!"