துணி துவைக்கிறவள்

சட்கிளிஃப் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் எப்ராயீம். அதைச் சொல்லிக்கொள்ள அவன் கூச்சப்பட்டதில்லை. எதற்குக் கூச்சப்பட வேண்டும்? அப்பா இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊர்ச் சாயப் பட்டறையில் நெஞ்சு கெட்டுச் செத்தார். அம்மா கெசியா கம்பளி ஆலையில் தறி ஓட்டினாள். பையனையும் ஆலைக்கு அனுப்பச் சொன்ன சொந்தக்காரர்களிடம், "அவன் விரல் பேனா பிடிக்கட்டும். உங்க வயித்தெரிச்சலை நீங்களே தறியில போட்டு நெய்துக்குங்க" என்று சொல்லி வாயை அடைத்தாள்.

இருபத்துநாலு வயதில் அவன் அதே ஆலையின் அலுவலகத்தில் குமாஸ்தா. மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஹோல்ட்ராய்ட் அவனைத் தேவாலயத்தில் தன் குடும்ப இருக்கையில் வந்து உட்காரச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும்.

பீடத்துக்குப் பக்கத்தில், சபையைப் பார்த்தபடி, கதவு வைத்த இருக்கை. அவன் உட்கார்ந்த சற்று நேரத்தில் பின்வாசலில் லாடம் அடித்த மரச்செருப்புச் சத்தம். தலைகள் திரும்பின. கெசியா! வழக்கமாக மேட்டுத்தெருச் சின்னக் கோயிலுக்குப் போகிறவள், மகன் அமர்ந்திருக்கும் அழகைப் பார்க்க வந்துவிட்டாள். ஏழைகளின் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, சிரித்துக் கையை லேசாகத் தூக்கினாள்.

"யாரது? உங்களைப் பார்த்துதானே சிரிக்கறா?" என்றாள் முதலாளியின் மனைவி.

"எங்க வீட்டுத் துணி துவைக்கிறவங்க, மேடம்." பொய்யின் கனத்தைக் குறைக்கிறவன்போல, "ரொம்ப நல்ல மனுஷி" என்றும் சேர்த்துக்கொண்டான்.

ஆர்கன் முழங்கிக்கொண்டிருந்தது. அடுத்த இருக்கைக்குக்கூடக் கேட்டிருக்காது என்று மூச்சு விட்டான். அப்புறம்தான் உறைத்தது. முப்பது வருஷமாக நூறு தறிகளின் இரைச்சலில் நிற்கிறவளுக்குக் காது எதற்கு? தறிக்காரிகள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். ஆலையின் அந்தக் கோடியில் ஒருத்தி முணுமுணுக்கும் வம்பு இந்தக் கோடியில் சிரிப்பாகும். எழுத்துக்கு முன்னால் அவனே அவளிடம் கற்ற பேச்சு அது. படிப்பு ஏறியதும் அப்படியொன்று இருப்பதையே மறந்திருந்தான்.

நிமிர்ந்து பார்த்தான். அம்மாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. தூக்கிய கை மட்டும் இறங்கிவிட்டது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஹோல்ட்ராய்ட் அவன் தோளில் கை போட்டார். "நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வந்துடுப்பா. நல்ல சேதிதான்."

வெளிவாசலில் கெசியா நின்றிருந்தாள். அவள் உதடு அசைந்தது, சத்தமே இல்லை.

"அழுக்குத் துணி இருக்கா சார்? நாளைக்கு வந்து எடுத்துக்கட்டுமா?"

அவனுக்கு முகம் தீய்ந்தது. அவ்வளவு கோபத்திலும் அவள் குரல் எழுப்பவில்லை, அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. உதடு இன்னொரு முறை அசைந்தது.

"காலர்ல நூல் தொங்குதுடா. பிச்சுப் போடு."

"அம்மா, என்னை மன்னிச்சிரு" என்று இவனும் உதட்டை அசைத்தான். அதற்குள் அவள் திரும்பி நடந்திருந்தாள். முதுகுக்கு அந்தப் பேச்சு எட்டாது. கூப்பிட வேண்டுமானால் வாய்விட்டுத்தான் கூப்பிட வேண்டும், ஊர் கேட்க, முதலாளி கேட்க.

தோளில் இன்னும் அந்தக் கை இருந்தது. மரச்செருப்புச் சத்தம் மேட்டுத்தெரு திரும்பும்வரை எப்ராயீம் வாயை மூடிக்கொண்டு நின்றான்.