அண்ணி பெயருக்கு வந்த அஞ்சல்கள்

என் கணவர் குவைத்துக்குப் புறப்பட்டது இரண்டாயிரத்து ஒன்றில். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. போவதற்கு முந்தின ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் என்னையும் தன் அக்காவையும் விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போய், வீட்டுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கினார். முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டினார்.

"போனு மாசத்துக்கு ஒரு வாட்டிதான் பண்ண முடியும். எனக்கு வெள்ளிக்கிழமை லீவு. வாரா வாரம் லெட்டரு போட்டுட்றேன். சனிக்கிழமை போய்ப் பாருங்க" என்றார்.

அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தம்பியைவிடப் பத்து வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திண்டிவனத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தையல் டீச்சராக இருந்தார். காலை பாசஞ்சரில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். மாமனாரும் மாமியாரும் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார்கள். ஆக, என் கணவர் விமானம் ஏறிய பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. குழம்பில் உப்பு போதுமா என்று நான் கேட்பேன். போதும் என்பார். கேஸ் வந்ததா என்று அவர் கேட்பார். வந்தது என்பேன். ஒருவருக்கொருவர் மரியாதையாக இருந்தே நாட்களை ஓட்டினோம்.

நான் அப்போது ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும் நேராக பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அதை நடத்தியவர் ஐம்பது வயதுப் பெண்மணி. பல வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்து, மெஷின்களில் பாதியை விற்றுவிட்டு மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டவர். எல்லோருக்கும் அவர் மேடம்.

என் கணவர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவார். அதை வாய்க்குள் படித்துப் பார்த்தால்தான் புரியும். ஒரு வாரம் 'இங்கே நேற்று மலை வந்தது' என்று படித்துவிட்டு, பாலைவனத்தில் மலை எப்படி வரும் என்று வெகுநேரம் யோசித்தேன். பிறகுதான் மழை என்று புரிந்தது. கடிதம் முழுக்க எனக்குத்தான் எழுதியிருப்பார். முடிக்கும்போது 'அக்காவைக் கேட்டதாகச் சொல்லு' என்று ஒரு வரி இருக்கும். அன்று இரவு சாப்பாடு போடும்போது, "அண்ணி, உங்களக் கேட்டாருங்க" என்பேன். "ம்" என்பார்.

நாலைந்து மாதம் போனதும் வேறு கடிதங்கள் வரத் தொடங்கின. கைக்கடிகாரம் வேண்டுமா, கடன் வேண்டுமா, வீட்டிலிருந்தே பட்டம் வாங்க வேண்டுமா, ஒரே மாதத்தில் இளைக்க வேண்டுமா என்று யார் யாரோ கேட்டார்கள். ஏதோ ஒரு நாட்டில் இறந்துபோன பணக்காரரின் சொத்துக்கு நான்தான் வாரிசாக வரவேண்டும் என்று ஒருவர் கெஞ்சியிருந்தார். ஆண்களுக்கான மருந்து பற்றியும் வரும். பக்கத்தில் யாராவது வந்தால் கைப்பையைத் தூக்கித் திரையை மறைத்துக்கொள்வேன். நான் காசு கட்டிய அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் குப்பையை அழிப்பதற்கே சரியாகிவிடும். அந்தக் காலத்து இணைப்பில் ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு தம்ளர் டீ குடித்து முடிக்கலாம். மீதி நேரத்தில் அவர் கடிதத்தை அவசரமாகப் படித்து, அதைவிட அவசரமாகப் பதில் போட்டுவிட்டு எழுந்திருப்பேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை அவர் கடிதம் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் இல்லை. மூன்றாவது வாரம் பெட்டியைத் திறந்து முதலில் அவர் பெயரைத் தேடினேன். குப்பை மட்டும் இருந்தது. அண்ணியிடம் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் இரண்டு பேருமே சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு போனுக்கு என் கணவர் கூப்பிட்டார்.

"இன்னா ஆச்சி உங்களுக்கு? எத்தினி லெட்டரு போட்டேன். எல்லாம் திரும்பி வந்துக்கினே இருக்குது. பொட்டி ஃபுல்லுன்னு சொல்லுது. அத மொதல்ல காலி பண்ணுங்க" என்றார்.

மறுநாள் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் காலத்து மின்னஞ்சல் பெட்டிகளில் இன்றைய நல்ல புகைப்படம் ஒன்றைக்கூட வைக்க இடம் போதாது. "நீ முன்னால இருக்கறத மட்டும் அழிக்கிறம்மா. இந்தா, இங்க ஓரத்துல ஒரு ஃபோல்டர் இருக்கு பாரு. இது யாரு பண்ணது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. திறந்து பார்த்தேன். அறுபது எழுபது கடிதங்கள் இருந்தன. எல்லாமே யாரோ திறந்து படித்தவை. எல்லாவற்றிலும் 'அன்புள்ள' என்று தொடங்கி அண்ணியின் பெயர். ராசி பலன், சமையல் குறிப்பு, பரிசுக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள் என்ற செய்தி, படம் படமாகப் போட்ட புடவைக் கடை விளம்பரம்.

"எங்கியோ பேரையும் அட்ரஸையும் பூர்த்தி பண்ணியிருக்காங்க. ஒருத்தன்கிட்ட குடுத்தா அவன் நூறு பேருக்கு வித்துடுவான். அப்புறம் இப்டிதான் பேஜாரு" என்றார் மேடம்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்று வாரம் நான் பட்ட பயமெல்லாம் ஒரே ஆள் மேல் திரும்பியது. வீட்டுக்குப் போகாமல் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். என்னென்ன கேட்கவேண்டும் என்று வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி போனேன்.

விடுதி வாசலில் அண்ணி அப்போதுதான் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பிக்கு ஏதாவதா?" என்றார்.

"இல்ல அண்ணி, அவரு நல்லாருக்காரு."

வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். சொல்லிப் பார்த்து வைத்திருந்ததில் பாதி எனக்கு அங்கேயே மறந்துபோனது.

ஸ்டேஷனுக்கு நடந்தோம். பாசஞ்சர் வர நேரம் இருந்தது. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சொன்னேன்.

"பொட்டி ரொம்பிப்போயி அவரு போட்ட லெட்டரெல்லாம் திரும்பிப் போயிருக்கு அண்ணி. மூணு வாரமா. உங்க பேர்ல நெறைய வந்திருக்கு. தனியா எடுத்து வெச்சிருக்கீங்க."

அண்ணி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். மறுபடி திறந்தார்.

"மத்தியானம் சாப்ட்டுட்டு அர மணி நேரம் சும்மாதான் இருப்பேன். இங்க ஒரு சென்டர் இருக்குது. தம்பி லெட்டரப் பாக்கலாம்னுதான் மொதல்ல போனேன். ஓரத்துல ஒரு கட்டம் வந்து உன் பேரு இன்னான்னு கேட்டுது. போட்டேன். பொறந்த தேதி கேட்டுது, அதையும் போட்டேன். மறுநாளு என் பேரு போட்டு லெட்டரு வந்துது. அப்புறம் வந்துக்கினே இருந்துது."

"அதெல்லாம் மெஷினு அனுப்பறது அண்ணி."

"தெரியும். நான் இன்னா கொழந்தயா? தெரிஞ்சிதான் படிச்சேன்." ஜிப்பை மறுபடி மூடினார். "பொறந்த நாளுக்குக்கூட ஒண்ணு வந்துது. பூவெல்லாம் போட்டு. அன்னிக்கு வேற யாரும் சொல்லல."

அவர் பிறந்தநாள் எப்போது என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை.

"தம்பி எழுதறான். இல்லன்னு சொல்லல. கடசில ஒரு வரி எனக்குன்னு இருக்கும். நீயும் வந்து சொல்லுவ. நான் அதுக்கு முன்னாடியே இங்க படிச்சிருப்பேன். தெரியாத மாதிரி கேட்டுப்பேன்" என்றார்.

வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் எதிரெதிரே இடம் கிடைத்தது. மயிலம் தாண்டியதும் அண்ணியே சொன்னார்:

"எல்லாத்தையும் அழிச்சிட்றேன். அவன் லெட்டரு ஒழுங்கா வரணும். அதான் முக்கியம்."

அடுத்த சனிக்கிழமை அண்ணி விடுதியில் பர்மிஷன் போட்டுவிட்டு என்னோடு சென்டருக்கு வந்தார். மேடம் அண்ணியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, டைப்ரைட்டிங் பாடம் நடத்துவதுபோல நிதானமாகச் சொன்னார்.

"இனிமே எவன் அட்ரஸ் கேட்டாலும் குடுக்காதீங்க. கீழ, வேணாம்னா இங்க அமுக்குன்னு போட்டிருப்பான். நீங்களா சேந்த எடம்னா அமுக்குங்க. தெரியாதவன்னா அமுக்காதீங்க. அமுக்குனா இங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சிக்கினு இன்னும் ஜாஸ்தி அனுப்புவான். பதிலும் போடாதீங்க. வெளிய குடுக்கறதுக்கு ஒரு அட்ரஸ், வீட்டு மனுஷங்களுக்கு ஒண்ணு. ரெண்டையும் கலக்காதீங்க."

அண்ணி ஒவ்வொன்றாகக் குறியிட்டு அழித்தார். மொத்தமாக அழிக்க வழி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்த்தார். பிறந்தநாள் வாழ்த்து வந்ததும் கை நின்றது. "இது ஒண்ணு இருக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டார். நான் மேடத்திடம் சொல்லி அதைத் தாளில் எடுத்துத் தரச்சொன்னேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பூக்கள் எல்லாம் கறுப்புப் புள்ளிகளாக வந்தன. அண்ணி அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். மடிப்பதற்கு முன் தாளின் மேலே இருந்த தேதியை நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பழைய முகவரியைக் கடைக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் விட்டுவிட்டோம். எனக்கு ஒன்றும் அண்ணிக்கு ஒன்றுமாகப் புது முகவரி தொடங்கினோம். அண்ணியின் பெயரை அடித்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறு யாரோ இருப்பதாகக் காட்டியது.

"என் பேர்ல இன்னொருத்தி இருக்காளா? எந்த ஊர்ல இருக்காளோ" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. பெயருக்குப் பின்னால் 'தையல்' என்று சேர்த்ததும் முகவரி கிடைத்துவிட்டது.

அன்று என் கணவருக்கு எழுதினேன். பிளாட்பாரத்தில் பேசியதை எழுதவில்லை. 'அக்காவுக்கு இனிமேல் தனியாக எழுதுங்கள். நீளமாக எழுதுங்கள். எனக்கு வருவது குறைந்தாலும் பரவாயில்லை' என்று மட்டும் எழுதினேன்.

இனிமேல் சனிக்கிழமை அரை நாள் போதும் என்று அண்ணி விடுதியில் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் அவர் பெட்டியில் ஒரே ஒரு கடிதம் இருந்தது. என் கணவருக்குச் சட்டைக் காலர் நைந்துவிட்டதாம். சின்ன வயதில் நீ எனக்குப் பள்ளிச் சட்டைக்குக் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுப்பாயே, அதை எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தார். தானே முயற்சி செய்து விரலில் குத்திக்கொண்டதையும், அறையில் கூட இருந்த கோட்டக்குப்பத்துக்காரர் அதைப் பார்த்துச் சிரித்ததையும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்.

அண்ணி இரண்டு முறை படித்தார். பிறகு இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார். தையலை எங்கே பிரிக்கவேண்டும், எந்தப் பக்கம் உள்ளே போகவேண்டும், ஊசியை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டே போனார். அரை மணி முடிந்ததும் மேடம் எட்டிப் பார்த்துவிட்டு எழுதட்டும் என்று போய்விட்டார்.

அந்தக் கடிதப் போக்குவரத்து என் கணவர் ஊர் திரும்பும்வரை ஐந்து வருடம் நடந்தது. அண்ணிக்கு அவர் என்ன எழுதுகிறார் என்று நான் கேட்டதில்லை. ஆனால் சனிக்கிழமை வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணியே பாதியைச் சொல்லிவிடுவார். நான் எனக்கு வந்ததில் சொல்லக்கூடியதைச் சொல்வேன். அடுத்த பிறந்தநாளுக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் சென்டருக்குப் போய் அண்ணிக்கு நாலு வரி அனுப்பினேன். அன்று இரவு அவர் என் நீலப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்து மடித்து என் கட்டிலில் வைத்திருந்தார்.

முகவரி விஷயத்தில் அண்ணி அதற்குப் பிறகு ரொம்பக் கெட்டி. விழுப்புரத்தில் ஒரு பொருட்காட்சியில் குலுக்கல் பரிசு என்று ஒருவர் படிவத்தை நீட்டியபோது, "ஈமெயிலா? எங்க வீட்ல அதெல்லாம் கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். பழைய பெட்டியை ஒருமுறை சும்மா திறந்து பார்த்தோம். ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தது. "யாரு வூட்டுக்குள்ளயோ பூந்த மாதிரி இருக்குது. மூடு" என்றார்.

அண்ணி ஓய்வு பெற்றபோது எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. குப்பையை இப்போது போனே தனியாகப் பிரித்து வைத்துவிடுகிறது. ஒருநாள் அந்தக் குப்பைப் பெட்டிக்குள், அவரிடம் விடுதியில் தையல் கற்ற பெண் ஒருத்தி திருப்பூரிலிருந்து எழுதிய கடிதம் கிடந்தது. தனியாகக் கடை போட்டிருக்கிறாள், திறப்புக்கு டீச்சர் வரவேண்டும் என்று எழுதியிருந்தாள். அண்ணி பார்த்தபோது கடை திறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. மறுவாரமே என் கணவரை அழைத்துக்கொண்டு திருப்பூர் போய்வந்தார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குப்பைப் பெட்டியைத் திறந்துவிடுவார். ஒன்றையும் அமுக்கமாட்டார். யாரிடமிருந்து வந்திருக்கிறது என்று மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டே போவார்.

"ஒரு மாசம் போனா அதுவே அழிச்சிடும் அண்ணி. நீங்க எதுக்குக் கண்ணக் கெடுத்துக்கிறீங்க?" என்று போன வாரம் கேட்டேன்.

"பாத்துட்டு அழிச்சா இன்னா கொறஞ்சிடும்? நம்ம மனுஷங்க யாராவது இதுல மாட்டிக்கினு இருந்தா?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் காபியை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.