ஒரே காட்டின் இரண்டு வரைபடங்கள்

செய்தி பன்வில பஸ்ஸில் வந்தது. கண்டி பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். எங்கள் பழைய மாணவன் ஒருவன் அந்த பஸ்ஸில் கண்டக்டர். என்னைக் கண்டதும் இறங்கி வந்தான்.

"சேர், மாணிக்கம் சேர் இறந்துட்டாரு. நேத்து விடியக்காலையில. நாளைக்கு எடுக்கிறாங்க."

டிக்கட் புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சொன்னான். பிறகு, "நீங்க வருவீங்கதானே" என்றான்.

போனேன். கடைசி வரிசையில் நின்றேன். கூட வேலை செய்தவர் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். முடியவில்லை. அங்கே பேசாததை, அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

பல்கலைக்கழகம் முடித்த கையோடு கண்டியில் அந்தப் பாடசாலைக்கு நியமனம் பெற்று வந்தவன் நான். எண்பத்து மூன்று கலவரம் முடிந்து சில ஆண்டுகள். எங்கள் கட்டிடத்தில் ஒரே கூரையின் கீழ் இரண்டு வகுப்புகள். இந்தப் பக்கம் தமிழ்மொழி, அந்தப் பக்கம் சிங்களமொழி. நடுவில் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் பிள்ளைகள் பாடுவது இந்தப் பக்கம் கேட்கும். முகங்கள் தெரியாது.

மாணிக்கம் சேர் சமூகக்கல்வி எடுத்தார். பன்வில தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அவருடைய கையெழுத்தை யாராலும் வாசிக்க முடியாது. கரும்பலகையில் இரண்டு வரி எழுதினால் பின்வரிசை வாங்கிலிருந்து குரல் வரும்: "சேர், அது தமிழா?" அவரும் சேர்ந்து சிரிப்பார். "மண்ணுல எழுதிப் பழகின கைடா. பலகை கண்டது பெரியவனான பெறகுதான்." பிறகு நடைபாதையில் தலையை நீட்டி என்னைக் கூப்பிடுவார். "வாங்க தம்பி. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க." அப்படித்தான் நாங்கள் நண்பர்களானோம். அவர் சொல்ல, நான் எழுத.

ஒரு நாள் பாடப்புத்தகத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். நாட்டின் ஆதிக்குடிகளான வேடர்களைப் பற்றி அதில் அரைப்பக்கம். வில்லோடு ஒரு படம். அடுத்த பக்கத்தில் அரசர்கள் தொடங்கிவிடுகிறார்கள்.

"இந்த நாட்டுல யாரு முந்தி வந்தாங்கன்னு வெட்டிக்கிறாங்க தம்பி. தோட்டத்து ஆளுங்க எங்கள நேத்து வந்தவன்றாங்க. யாழ்ப்பாணத்து ஆளுங்க உங்கள முந்தாநாள் வந்தவன்றாங்க. முந்தியே இருந்தவங்கள யாரும் ஒண்ணும் கேக்கல. நாம கேப்போமா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த குமாரி மிஸ்ஸிடமும் பேசினார். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இரண்டு வகுப்புகளையும் ஒன்றாக உட்காரவைப்பது என்று முடிவாயிற்று. கிழக்கே வேடர்கள் இருக்கும் மஹியங்கனைக்கு பஸ் ஏறிப் போய், யார் யாரையோ கேட்டு, கைரா என்ற வேடரை அழைத்து வந்தார் மாணிக்கம் சேர்.

கைரா வந்த வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறது. வழியில் இருந்த சோதனைச்சாவடியில் அவருடைய கோடரியை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். வாழ்நாளெல்லாம் அதைத் தோளில் சுமந்தவர். அன்று முழுவதும் இடது தோள் சற்று உயர்ந்தே இருந்தது, இல்லாத ஒன்று விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுபோல. உள்ளே வந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் முன்னங்கைகளையும் தன் இரண்டு கைகளாலும் பற்றினார். அதுதான் அவர்களுடைய வணக்கம். ஒரு பிள்ளையையும் விடவில்லை. பாதிப் பாடவேளை அதிலேயே போயிற்று.

அவருடைய பேச்சு சிங்களப் பிள்ளைகளுக்கே பாதிதான் விளங்கியது. ஒரு சிங்களப் பிள்ளை அதை ஊர்ச் சிங்களத்தில் சொன்னாள். திகனையில் கடை வைத்திருக்கும் ஒருவருடைய மகள் நஸ்ரினா அதைத் தமிழில் சொன்னாள். அந்த இரண்டு பிள்ளைகளும் அதற்கு முன் ஒருவரோடொருவர் ஒரு சொல் பேசியதில்லை.

பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "குகையிலயா இருக்கீங்க?" வகுப்பு சிரித்தது. கேள்வி இரண்டு பேர் வழியாகப் போய், பதில் இரண்டு பேர் வழியாகத் திரும்பி வந்தது.

"சேர், குகை இன்னும் இருக்காம். போகத்தான் ஏலாதாம். காட்ட இப்ப பூங்காவாக்கிட்டாங்களாம். போனா வழக்குப் போடுவாங்களாம்."



பிறகு கைரா சொல்லச் சொல்லப் பிள்ளைகள் அந்தக் காட்டை வரைந்தார்கள். பழைய கலண்டர் தாள்களை ஒட்டி, பின்பக்கத்தில். தேன் பாறைகள், கோடையிலும் வற்றாத நீர்க்குழிகள், முன்னோர் இருந்த குகைகள், அவற்றுக்குப் போகும் ஒற்றையடிப்பாதைகள். இரண்டு வகுப்புக்கும் ஒவ்வொன்று. சிங்கள வரைபடத்தில் குமாரி மிஸ் பெயர்களை எழுதினார். தமிழ் வரைபடத்தில் நான் எழுதினேன். மாணிக்கம் சேர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கறுப்பு மையில், பெரிய எழுத்தில், அழகாக எழுதினேன்.

கிழக்குக் காட்டின் குகைகளையும் நீரையும் பாதைகளையும் தமிழில் எழுதிச் சுவரில் மாட்டினோம். ஆயுதம் ஏந்திய தமிழ் இளைஞர்களை இராணுவம் காடுகளில் தேடிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில். எங்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. பாடம் அவ்வளவு நன்றாக நடந்திருந்தது.

சில வாரங்களில் நகரில் ஒரு குண்டு வெடித்தது. அடுத்த நாள் பாடசாலையைச் சோதிக்கப் பொலிசார் வந்தார்கள். சிங்கள வகுப்பில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கடந்தார்கள். தடுப்பைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார்கள். நான் வகுப்பில் நின்றேன். அதிகாரி வரைபடத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு சிங்களத்தில் கேட்டார்: "இதை எழுதியது யார்?"

என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அது சட்டைப் பையில் இருந்தது.

"மாணிக்கம் ஆசிரியர்" என்றேன்.

அவரை அழைத்து வந்தார்கள். "உன் எழுத்தா?" அவர் வரைபடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முன்வரிசைப் பிள்ளைகளுக்கு அது யாருடைய எழுத்து என்று தெரியும். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை.

"ஆமா" என்றார்.

என் கையில் இருந்த சோக்குத் துண்டைக் கொடுத்து ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தால் போதும். அது அவருடைய எழுத்தில்லை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவர்கள் கேட்கவில்லை, அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் அந்தச் சோக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

குமாரி மிஸ் போனார். சிங்கள வரைபடத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார். "இரண்டும் ஒன்றுதான். என்னையும் பிடியுங்கள்" என்றாராம். ஒரு முறை அல்ல. பல முறை. மாணிக்கம் சேர் வெளியே வர மாதங்கள் ஆயின. நான் ஒரு முறையும் போகவில்லை. பன்விலவுக்கும் போகவில்லை, அவருடைய மனைவியைப் பார்க்க.

திரும்பி வந்தபோது மெலிந்திருந்தார். ஒரு காது கேட்கவில்லை. உள்ளே நடந்ததைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஒரு நாள் ஆசிரியர் அறையில் தனியாக இருந்தபோது நான் தொடங்கினேன். "சேர், அண்டைக்கு நான்..." கேட்கும் காதை என் பக்கம் திருப்பினார். பிறகு கையை உயர்த்தினார்.

"பாடம் என்னுதுதான் தம்பி. அத அப்படியே விட்டுடுங்க."

அவர் மன்னித்தார் என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். அப்படி எழுத எனக்கு ஆதாரமில்லை. என்னோடு தேநீர் குடித்தார். வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். என் அம்மா கண்டிக்கு வந்திருந்தபோது தோட்டத்துத் தேயிலை கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் அதன் பிறகு ஒரு முறையும் என்னை வகுப்புக்குக் கூப்பிடவில்லை. தானே எழுதினார். "வெளங்கல சேர்" என்று பிள்ளைகள் சொல்வது நடைபாதை வரை கேட்கும். அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். மறுபடியும் அதே குரல்கள். நான் பக்கத்து அறையில் என் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான்.

சேர்ந்திருந்த வெள்ளிக்கிழமைப் பாடவேளையை அதிபர் அப்போதே நிறுத்திவிட்டார். போன வருடம் பன்விலவில் அவரைப் பார்க்கப் போனேன், முதல் முறையாக. படுக்கையில் இருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை நடக்குதா தம்பி?"

"இல்லை சேர்."

"கைராகிட்ட மறுபடி வரச் சொல்றேன்னு சொன்னேன்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தூங்குகிறார் என்றார் மனைவி. தூங்கவில்லை.

அவர் எனக்கு விட்டுச்சென்றது அவ்வளவுதான். நிறுத்தப்பட்ட ஒரு பாடவேளை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இறுதிச் சடங்கிலிருந்து திரும்பும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. இப்போதைய அதிபரிடம் கேட்டேன். யார் பொறுப்பு என்று எழுதித் தரச் சொன்னார், என் பெயரை எழுதிக் கொடுத்தேன். கடைசிப் பாடவேளை மணிக்குக் குமாரி மிஸ்ஸின் கதவைத் தட்டினேன். திறந்தவர் என் தோளுக்கு மேலாக, பின்னால் இன்னொருவர் வருகிறாரா என்பதுபோல, பார்த்தார். பிறகு வழிவிட்டார்.

பிள்ளைகள் கதிரைகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து ஆட்கள் ஒருவரையும் தெரியாது. கைராவையும், மாணிக்கம் சேரையும், அந்தச் சுவரையும். நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். வரைபடம் வரை வந்தபோது முன்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டது:

"அத யாரு சேர் எழுதினது?"

"நான்" என்றேன்.

குமாரி மிஸ் அதைச் சிங்களத்தில் சொன்னார்.