எனக்கு நாலாம் பிறை, அவளுக்கு மூன்றாம் பிறை

எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு பஞ்சாங்கக் கலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று திருக்கணிதம், அது என்னுடையது. மற்றது வாக்கியம், அது மனைவியுடையது. நான் சுருவிலில் பிறந்தவன். அவள் மடத்துவெளிக்காரி. இரண்டு ஊருக்கும் நடுவில் கடலுக்குக் குறுக்கே போட்ட ஒரு தாம்போதித் தெருதான் கிடக்கிறது. ஆனாலும் என் வீட்டில் எல்லாரும் திருக்கணிதப்படி நடப்பவர்கள், அவள் வீட்டில் எல்லாரும் வாக்கியப்படி. திதி தொடங்கும் நேரத்தில் இரண்டுக்கும் சில மணித்தியால வித்தியாசம் வரும். அதனால் சில விரதங்களை நான் ஒரு நாளும் அவள் மறுநாளும் பிடிப்போம். வீட்டில் இரண்டு நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இராது. இருபத்தாறு வருடங்களாக இதில் பெரிய சண்டை வந்ததில்லை.

நான் விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையத்தில் வேலை செய்கிறேன். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியை வாசித்துப் பதிவது என் பொறுப்புகளில் ஒன்று. வீட்டில் வைத்திருக்கும் நாட்குறிப்பிலும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. முதல் வரியில் திதி, இரண்டாவது வரியில் மழை, அதற்குப் பிறகுதான் மற்றவை. திதி எப்போதும் திருக்கணிதப்படிதான்.

மூன்றாம் பிறை பார்ப்பது அவள் வீட்டு வழக்கம். வெறுமனே பார்த்துவிட்டு உள்ளே போவதில்லை. பிறையைக் கண்டதும் கண்ணை மூட வேண்டும். மூடிய கண்ணை ஒரு நல்ல முகத்தில் திறக்க வேண்டும். அந்த மாதம் அந்த முகத்தைப் போல இருக்கும் என்பார்கள். கலியாணத்துக்கு முதல் அது அவளுடைய தகப்பனாரின் முகம். கலியாணமான அடுத்த மாதம் முற்றத்தில் நின்று என்னைக் கூப்பிட்டாள். என்ன ஏதென்று தெரியாமல் போய் நின்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, உலை வைக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு மாலை முகச்சவரம் செய்துகொண்டு, மேற்குக்கு முதுகு காட்டி முற்றத்தில் நிற்பேன்.

பிறை எனக்கு முதுகுப்பக்கம் இருந்தது ஒருவகையில் வசதி. சில மாதங்களில் அவளுடைய மூன்றாம் பிறை என் பஞ்சாங்கத்தில் நாலாம் பிறையாக இருக்கும். நாலாம் பிறையைப் பார்த்தவருக்கு வீண்பழி வரும் என்று எங்கள் வீட்டில் சின்னனிலேயே சொல்லி வளர்த்திருந்தார்கள். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லையென்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஐம்பத்துமூன்று வயதுவரை ஒரு நாலாம் பிறையையும் நான் பார்த்ததில்லை.

போன வருடம் அவளுடைய இரண்டு கண்ணிலும் வெண்படலம் முற்றிவிட்டது. தெருவில் வருவது ஆளா மாடா என்று கிட்ட வந்த பிறகுதான் சொல்லுவாள். கலண்டரில் சின்ன எழுத்து வாசிக்க ஏலாமல், விரதநாட்களை என்னைக்கொண்டு வாசிப்பித்தாள். அரிசியில் கல் பொறுக்கும் வேலையும் என்னிடம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக்கு நாள் தந்தார்கள். முதல் தடவை தங்கச்சி வீட்டில் ஒரு விசேஷம் என்று போகவில்லை. இரண்டாம் தடவை இருமல் என்றாள். இன்னும் பிந்தினால் படலம் இறுகிவிடும், பிறகு எடுப்பது கஷ்டம் என்று வைத்தியர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

அன்று பின்னேரம் சுளகில் அரிசியைப் பரப்பிவைத்துக்கொண்டு, உண்மையில் என்ன பிரச்சினை என்று கேட்டேன். அவள் கதிரையில் இருந்தபடி சொன்னாள்:

"பிறை பாக்காமல் கண்ணிலை கத்தி வைக்க விடமாட்டன். அப்பா செத்த மாதம் மழைமூட்டம். பிறை பாக்கேல்லை. உங்களுக்குத் தெரியும்."

"கண் தெரிஞ்சால்தானே பிறை பாக்கலாம். ஒப்பரேசன் செய்தால்தானே கண் தெரியும்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்" என்றாள்.

நான் கல்லைப் பொறுக்கினேன்.

ஒரு கமரா எங்கள் அலுமாரியில் கிடந்தது. கனடாவிலிருந்து வந்த மைத்துனர், பூநாரைகளைப் படம் எடுக்கக் கொண்டுவந்து, திரும்பிப் போகையில் பாரம் கூடிவிட்டதென்று விட்டுவிட்டுப் போனது. விலைகூடிய சாமான் அல்ல. லென்ஸைக் கழற்ற ஏலாது. ஆனால் அறுபது மடங்கு சூம் இருக்கிறது. ஒரு முழுநிலாப் பறுவத்தன்று முற்றத்தில் முக்காலியை விரித்து, நிலாவைப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்தவள் என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தாள். அப்படியே குனிந்து, மூக்கு முட்டும் தூரத்துக்கு வந்தாள்.

"இது முயல் எல்லே" என்றாள்.

ஒரு வருடமாக நிலா அவளுக்கு ஈரத்துணியில் பட்ட வெளிச்சம் மாதிரித்தான் தெரிந்திருந்தது. திரை கிட்ட இருந்ததாலும் நிலா அதை நிறைத்து நின்றதாலும் கறுப்புத் திட்டுகள்கூடத் தெரிந்தன. தேத்தண்ணி ஆறிப்போனது. கமராவுக்குள்ளால் பார்த்தால் பிறை பார்த்த கணக்கில் சேருமா என்ற கேள்வியை அவளே எழுப்பி அவளே முடித்துவைத்தாள். கண்ணாடி போட்டுப் பார்ப்பதை யாரும் குறை சொல்வதில்லை; இது கொஞ்சம் பெரிய கண்ணாடி. ஆனால் பிறை வானத்தில் நிற்கும்போதே பார்க்க வேண்டும். பதிந்து வைத்துப் பிறகு காட்டினால் அது பழைய பிறை.

தை மாதத்தில் இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போயின. சாட்டிக் கடற்கரைக்குப் போனோம். உல்லாசமாக வந்திருந்த சனம் எங்களைச் சுற்றி நின்று எதைப் படம் எடுக்கிறோம் என்று கேட்டது. மேற்கே முழுக்க முகில். ஏழரைக்கு முக்காலியை மடக்கினேன். அடுத்த சத்திரசிகிச்சை நாள் மாசிப் பிறைக்கு ஐந்து நாள் கழித்து. அதையும் விட்டால் பிறகு எப்போது நாள் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மாசியில் வானம் துப்புரவாக இருந்தது. எங்கள் வீட்டுக்கு மேற்கே இப்போது பனைகள் உயர்ந்து மறைப்பதால், இந்த முறை தாம்போதிக்குப் போவதென்று முடிவெடுத்தேன். அங்கே இரண்டு பக்கமும் தண்ணீர்தான். புதன்கிழமை மாலை முகச்சவரம் செய்து, பற்றரியைச் சார்ஜ் செய்து, அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆறு ஐம்பதுக்குப் பிறை திரைக்குள் வந்தது. தெளிவான பிறை. நான் கூப்பிட்டேன். அவள் இரண்டு அடி வைத்தவள் நின்றாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"வாக்கியத்திலையும் பாத்தனீங்களோ?"

நான் பார்க்கவில்லை. முதல்நாள் அவள் கலண்டரை வாசிக்கச் சொன்னபோது, கை தன்பாட்டில் என்னுடைய கலண்டருக்குப் போய்விட்டது. அதில் இருந்ததை உரத்து வாசித்தேன். அவள் அது தன்னுடையதென்று நம்பினாள். இருபத்தாறு வருடத்தில் எனக்கு இப்படி ஒரு பிழை வந்ததில்லை. அதை அவளிடம் சொன்னபோது கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை மூடியபடியே சிரித்தாள்.

"கண் தெரியாதவளை ஏமாத்திப்போட்டியள்."

வீட்டுக்கு வந்து ரோச் லைற் அடித்து வாக்கியத்தைப் பார்த்தேன். மூன்று மணித்தியால வித்தியாசம். அவளுக்கு மூன்றாம் பிறை நாளைக்குத்தான். எனக்கு நாளைக்கு நாலாம் பிறை.

சாப்பிடும்போது அந்தப் பேச்சை அவள்தான் எடுத்தாள். கமராவைப் பொருத்தித் தந்துவிட்டு நான் மற்றப் பக்கம் திரும்பி நிற்கலாம், தானே பிறையைத் தேடிக்கொள்ளுவாள் என்றாள். அது நடக்காத காரியம். அறுபது மடங்கு சூமில் வானத்தின் ஒரு துண்டுதான் திரைக்குள் வரும்; முக்காலி நூலளவு அசைந்தாலும் நிலா காணாமல் போய்விடும். நல்ல கண்ணுக்கே தேடிப் பிடிப்பது கஷ்டம். பிடித்தாலும் அது நிற்பதில்லை. நான்கைந்து நிமிடத்தில் கீழ்க்கரையால் இறங்கிப் போய்விடும்.

"நான் பாக்கிறன்" என்றேன்.

அவள் கறியை என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு கரண்டி போட்டாள்.

வியாழக்கிழமையும் சவரம் செய்தேன். தாம்போதியில் காற்றுக் கூடுதல். எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் அண்ணை அங்கே வீச்சுவலையோடு நின்றார். முக்காலி ஆடுவதைப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்த மீன் போடும் பறியைக் கழற்றி, பாரத்துக்கு முக்காலியின் நடுவில் கொழுவிவிட்டார். நேற்றும் வந்து இன்றும் வந்திருக்கிறோமே என்று விசாரித்தார். மனைவி இரண்டு கலண்டர்க் கதையைச் சொன்னாள். அவர் வலையை உதறியபடி கேட்டார்:

"அப்ப தம்பி, ரெண்டு பேரும் ஒரு நாளிலைதானே கலியாணம் கட்டினனீங்கள்?"

அவர் சிரித்துக்கொண்டே கொஞ்சம் தள்ளிப் போனார். நான் மேற்கே நிமிர்ந்து பார்த்தேன். நாலாம் பிறை தோணி மாதிரிக் கிடையாகக் கிடந்தது. நேற்றையதைவிடக் கொஞ்சம் தடித்திருந்தது. வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை.

சூமைச் சிறிதாக வைத்துப் பிறையை நடுவுக்குக் கொண்டுவந்து, மெல்ல மெல்லக் கூட்டினேன். வெளிச்சத்தைக் குறைக்காவிட்டால் அது வெறும் வெள்ளைக் கீற்றாகத்தான் தெரியும். குறைத்ததும் உட்கரையில் குழிகள் தெரிந்தன. போகஸைப் பூட்டினேன். பதிவதற்கான சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பிறை துடித்தது. கரைகள் விட்டுவிட்டு அதிர்ந்தன. காற்று இல்லாத நேரத்திலும் அதிர்ந்தன. குனிந்து பார்த்தேன். பறிக்குள் மீன்கள் இன்னும் உயிரோடு அடித்துக்கொண்டிருந்தன. பறியைக் கழற்றி நிலத்தில் வைத்தேன். பதிலுக்குக் கல் கட்ட நேரமில்லை. பிறை ஏற்கெனவே கீழ்க்கரைக்கு வந்துவிட்டது. முக்காலியின் பிடியில் கை வைத்துத் திரும்பவும் நடுவுக்கு ஏற்றிக்கொண்டு, அவளைக் கூப்பிட்டேன்.

மேற்கில் மிச்சமிருந்த வெளிச்சம் திரையில் பட்டது. அவள் என் சால்வையை எடுத்து, தன் தலைக்கும் கமராவுக்கும் மேலால் போர்த்தினாள். நான் பிடியை விட ஏலாது. அதனால் என் தலையும் அதற்குள் அகப்பட்டது. உள்ளே சவர்க்கார வாசமும் நல்லெண்ணெய் வாசமும். அவள் மூக்கு திரையில் முட்டியது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தெரியவில்லையோ என்று பயந்தேன். தெரியாவிட்டால் ஆஸ்பத்திரியும் இல்லை.

"கீழை வளைஞ்சு கிடக்கு" என்றாள். பிறகு, "மேலை மிச்ச நிலாவும் மங்கலாத் தெரியுது. முழுசா இருக்குது."

"ஓம்" என்றேன்.

கண்ணை மூடினாள். என் கன்னத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். சவரம் செய்திருக்கிறேனா என்று.

"இஞ்சாலை திரும்புங்கோ."

திரும்பினேன். நாலு விரல் தூரத்தில் அவள் கண்ணைத் திறந்தாள். திரை வெளிச்சத்தில் அவளுடைய கண்மணிகளில் பால் கலந்த மாதிரி இருந்த படலம் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு என்னில் என்ன தெரிந்ததென்று நான் கேட்கவில்லை.

"இது காணும், போதும்" என்றாள். "செவ்வாய்க்கிழமை போவம்."

போனோம். முதலில் வலக்கண். கட்டவிழ்த்த மறுநாள் குசினிக்குள் நின்று இரண்டு கலண்டரையும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். அலுமாரிக்கு மேலிருந்த தூசியைக் கண்டுபிடித்தாள். எனக்குக் காதுக்குப் பின்னால் நரை ஏறியிருப்பதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டாள்.

ஒரு கிழமை கழித்துத் தாம்போதிப் படத்தைப் போடச் சொன்னாள். கமராவை ரீவியில் தொடுத்தேன். பிறை வந்தது. அதிர்ந்தது. பின்னர் எங்கள் குரல்கள் கேட்டன. நிலாவோடு சேர்ந்து கதையும் பதிந்திருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. வெட்கப்பட்டு, சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். பிறகு ரீவிக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"உங்கடை கை நடுங்கியிருக்கு."

"அது மீன்" என்றேன். மீன் துடித்தது, பறி ஆடியது, முக்காலி அதிர்ந்தது என்று ஒழுங்காக விளங்கப்படுத்தினேன். அவள் நம்பவில்லை. நாலாம் பிறையைப் பார்த்ததற்கு வீண்பழி வந்துவிட்டது, இதோடு போனதே பெரிய காரியம் என்று சொல்லிச் சிரித்தேன்.

அவள் குசினிக்குப் போன பிறகு, நாட்குறிப்பில் எழுதுவதற்காக அந்தப் படத்தை நேரம் பார்த்து இன்னொரு தடவை ஓடவிட்டேன். ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் நான் பறியைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்கிறது. அதற்குப் பிறகு முக்காலியில் மீன் இல்லை, பிடியில் என் கைதான் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் மூன்று நிமிடத்துக்குப் பிறகு வருகிறது. பிறை அப்போதும் நடுங்குகிறது. "கீழை வளைஞ்சு கிடக்கு" என்று அவள் சொன்னதும் நின்றுவிடுகிறது.

ஆகவே வீண்பழி ஒன்றும் வரவில்லை. அதை அப்படியே எழுதினேன். வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, முதல் வரியில் இருந்த நாலாம் பிறையை வெட்டி, மூன்றாம் பிறை என்று திருத்தினேன்.