கை காட்டினால் நிறுத்து

எங்கள் பக்கத்தில் ரோட்டோரம் ஒருவர் கையை நீட்டினால் வண்டியை நிறுத்த வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே போக்குவரத்து விதி அதுதான். சாயல்குடியிலிருந்து கடலாடி வரைக்கும் ஒதுங்க நிழல் கிடையாது. இருப்பதெல்லாம் பனை, அதன் நிழல் ஒரு ஆளுக்கே காணாது. அந்த வெயிலில் நடந்து போகிறவரைக் காலி சீட்டோடு கடந்து போனால், அவருடைய மச்சினனோ மாமனோ டீக்கடையில் வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார். கார் முதலாளியுடையது, ஆனால் ஏச்சு எனக்கு. முதலாளியும் இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. ஒரு தடவை யாரோ ஏற்றிய வெள்ளாட்டுக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டே ராமநாதபுரம் வரைக்கும் வந்திருக்கிறார்.

அந்த முதலாளிக்குக் கொழும்பில் புறக்கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடை இருந்தது. சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் மதுரையைப் பார்த்தவர்களைவிடக் கொழும்பைப் பார்த்தவர்கள் அதிகம் என்பதால், அதை வெளிநாடு என்று யாரும் நினைத்ததே இல்லை. வண்டி ஓட்டப் போன பிறகுதான் அது வெளிநாடு என்று எனக்கு உறைத்தது.

என்னை அங்கே கூப்பிட்டபோது முதலாளி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். “ஏலே, நம்ம ஊரு லைசென்ஸ் அங்கன செல்லாது. அந்த ஊரு லைசென்ஸ எடுத்துட்டேன்னா காரு நிக்கிற கொட்டகைக்குப் பின்னாடி ஒரு ரூம்பு இருக்கு, அதைத் தாரேன். பொண்டாட்டியக் கூட்டியாந்து வச்சுக்க. எடுக்கலையா, கப்பலேறி ஊருக்குப் போயிரு.”

எனக்கு அந்த ரூம்புதான் கண்ணுக்குத் தெரிந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். எங்கள் வழக்கப்படி அவள் அவளுடைய உம்மா வீட்டிலேயே இருந்தாள். நான்தான் அங்கே போய் வருகிற மாப்பிள்ளை. முதல் பிள்ளை பிறந்தபோது முதலாளி வீட்டாரை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தேன். பிள்ளை தங்கவில்லை. நான் வந்து சேர்ந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. அவள் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், “அன்னைக்கு நீங்க பக்கத்துல இருந்திருக்கணும் மச்சான்” என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை. இனி என்ன ஆனாலும் அவளை என் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் கொழும்புக்குப் போனேன்.

வெளியூர் ரோட்டில் வண்டி ஓட்டப் போகிறவர்கள் இன்றும் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. முதலில் அந்த ஊரை நடந்து பார் என்பேன். காரில் உட்கார்ந்து பார்த்தால் ரோடு தெரியாது, கண்ணாடிதான் தெரியும். கொழும்பில் முதல் வாரம் நான் நடந்தேன். அதற்கப்புறம் டிராமில் டிரைவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு போனேன், அவர் எங்கே மணி அடிக்கிறார், எங்கே அடிக்காமல் பொறுமையாக நிற்கிறார் என்று பார்க்க. இரண்டாவது, ஹாரனைக் கை தவறியும் தொடாதே. நம் ஊரில் ஹாரன் என்றால் ‘வாரேன், ஒதுங்கு’ என்று அர்த்தம். அங்கே அது கெட்ட வார்த்தை மாதிரி. வழி தவறினால் நடுரோட்டில் நிறுத்தி வழி கேட்காதே, நேரே போய்க்கொண்டே இரு, நிறுத்தச் சொல்லியிருக்கிற இடத்தில் நிறுத்தி அப்புறம் கேள். எவனாவது சிங்களத்தில் ஏசினால் சிரி. அர்த்தம் தெரியாததால் ரோஷமும் வராது, அது ஒரு வசதி.

நடந்து பார்த்தும், இதெல்லாம் எனக்குப் புரிந்தது பின்னால்தான். முதல் பரீட்சை நாளில் என் மண்டையில் இருந்ததெல்லாம் எதிலும் இடிக்காமல், எஞ்சின் நிற்காமல் ஓட்ட வேண்டும் என்பதுதான்.

பரீட்சை வைக்க வந்தவர் ஒரு பறங்கியர், அங்கேயே தங்கிவிட்ட வெள்ளைக்கார வம்சம். வெள்ளைக் கால்சட்டை, அரைகுறைத் தமிழ், நல்ல மனுஷன். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மருதானைப் பக்கமாக ஒரு நாற்சந்தி வந்தது. நடுவில் ஒரு பெட்டிமேல் போலீஸ்காரர் நின்றிருந்தார். என்னைப் பார்த்து உள்ளங்கையை விரித்துக் கையை நீட்டினார்.

கை நீட்டினால் நான் என்ன செய்வேன்? அவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வாகாக நிறுத்தினேன். திரும்பிப் பின்கதவைத் திறந்துவிட்டேன். “ஏறுங்க அய்யா. எங்கிட்டுப் போகணும்?” என்றேன்.

போலீஸ்காரர் பெட்டியை விட்டு இறங்கவே இல்லை. கையும் இறங்கவில்லை. பின்னால் டிராம் மணி அடித்தது. இடப்பக்கமிருந்து வந்த மாட்டு வண்டி, கார், சைக்கிள் எல்லாம் எனக்காக நின்றன. வெயிலில் நிற்கிறாரே, கூச்சப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, “சும்மா ஏறுங்க, காலியாத்தான் இருக்கு” என்று இன்னொரு தடவையும் சொன்னேன். பறங்கியர் கையிலிருந்த தாளால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்து இறங்கும்போது அவர் என் தோளைத் தட்டினார். “நீ நல்லா ஓட்டுறது. நல்ல ஆள். ஆனா லைசென்ஸ் தர ஏலாது” என்றார்.

முதலாளி கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கடையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு, என்னை மறுபடி மறுபடி சொல்ல வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்து முடித்த பிறகு, “பெருநாளைக்கு ஊருக்குப் போயிட்டு வா. வந்ததும் இன்னொரு தடவை எழுதிக் குடுக்குறேன். அதுலயும் போலீஸ்காரனை ஏத்துனேன்னா நீ ஊர்ல உப்பு வண்டிதான் ஓட்டணும்” என்றார். கடைசிப் பேச்சில் சிரிப்பு இல்லை.

ஊருக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவளாவது சிரிப்பாள், சிரித்தால் என் பாரம் குறையும் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“வெயில்ல நிக்கிற மனுசனை ஏறுங்கன்னு சொன்னது ஒரு குத்தமா? அவருக்குக் குடுத்து வைக்கலை” என்றாள். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். அப்புறம், “சரி, அந்த ஊரு வழக்கம் என்னென்னன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. நான் நிக்கிறேன் போலீஸ்காரரா” என்றாள்.

பெருநாள் முடிந்த மறுநாளே வீட்டுக்குப் பின்னால் இருந்த முற்றம் கொழும்பு ஆனது. நடுவில் இருந்த கிணறு வட்டச் சந்தி. அதை எப்போதும் வலப்பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும், வலப்பக்கமிருந்து வருகிறவனுக்கு வழிவிட வேண்டும். கோழிகள் ரோட்டைக் கடக்கிற ஜனங்கள். மாவு சலிக்கிற சல்லடை எனக்கு ஸ்டியரிங். அவள் துவைக்கிற கல்லுக்கு முன்னால் தரையில் ஒரு கோடு கிழித்துவிட்டு, கல்லின்மேல் ஏறி நின்றாள். நான் சல்லடையைத் திருப்பிக்கொண்டு, திரும்புகிற பக்கத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு, வாயால் கியர் போட்டுக்கொண்டு வந்தேன்.

மாமி என் முன்னால் வரமாட்டார்கள், அது எங்கள் வழக்கம். கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை சல்லடையோடு கிணற்றைச் சுற்றுகிறார், மகள் கல்லின்மேல் நின்று கையை ஆட்டுகிறாள். சீமையில் ஏதோ பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பி ஓதின தண்ணீர் வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள். சாயந்திரம் அது ஒரு செம்பு நிறைய வந்தது. இருவரும் ஆளுக்குப் பாதி குடித்தோம். லைசென்ஸுக்கும் ஆகட்டும் என்றாள்.

அவள் கையை நீட்டினால் என் கால் தானாக அவளிடமே போய் நின்றது. எத்தனை தடவை சொல்லியும் அப்படித்தான்.

“அங்கனயே நில்லுங்க. கோட்டைத் தாண்டக் கூடாது. எங்கிட்ட வரக் கூடாது.”

“ஒங்கிட்ட வரக் கூடாதுன்னா எப்புடி? வேற போலீஸ்காரரை நிப்பாட்டு.”

“மச்சான், வெளையாடாதீக” என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிடுவாள். சிரித்த முகத்தோடு ஒரு போலீஸ்காரர் நின்றால் நான் எப்படிப் பழகுவது? முகத்தைக் கடுமையாக வை என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வாள், அது இன்னும் மோசம். ஆனாலும் விடவில்லை. நாலைந்து நாளில் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கப் படித்துவிட்டேன்.

அப்புறம் போகச் சொல்கிற சைகை. கையை மடக்கி, வா என்பதுபோல் வீசி, அவளைத் தாண்டிப் போகவிட வேண்டும். அதை அவள் சரியாகவே செய்யவில்லை. பாதியில் கை நின்றுவிடும். நான் எரிச்சல்பட்டு, “நல்லா வீசிக் காட்டு, அப்பத்தானே எனக்குப் புரியும்” என்றேன்.

அவள் கல்லிலிருந்து இறங்கினாள். “ஒங்களைப் போங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு மச்சான். இதை மட்டும் நீங்களாப் படிச்சுக்கங்க” என்றாள். நான் சல்லடையைக் கீழே வைத்துவிட்டேன். அன்று அதற்குமேல் ஓட்டவில்லை.

இரண்டாவது பரீட்சைக்கும் அதே பறங்கியர் வந்தார். அதே நாற்சந்திக்கே போகச் சொன்னார், வேண்டுமென்றுதான் சொல்லியிருப்பார். போலீஸ்காரர் கையை நீட்டினார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் கையை வீசினார், போனேன். ஹாரனைத் தொடவில்லை. வட்டச் சந்தியில் வலப்பக்கத்து லாரிக்கு வழிவிட்டேன். கடைசியில் இறங்கும்போது பறங்கியர் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். “இன்டைக்கு ஒருத்தரும் ஏறேல்லையா?” என்று கேட்டுவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். அதற்கு அந்த ஊரில் விதி உண்டா இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை.

அப்புறமும் அவள் வந்து சேர மாதங்கள் ஆயின. பாஸ்போர்ட், பர்மிட் என்று இரண்டு கரைக்கும் நடுவில் காகிதங்கள் பெருகிவிட்ட காலம். ஒருவழியாக முதலாளியின் வீட்டாரோடு சேர்ந்து அவளும் தனுஷ்கோடியில் கப்பலேறினாள். அக்கரையில் இறங்கி ரயிலில் வந்தவர்களை அழைத்துவர, கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்கு நான் காரோடு போனேன். முதலாளி அவருடைய வீட்டாரைக் கடை வண்டியில் ஏற்றிக்கொண்டு, “ஒன் சாமானை ஒங்காருல ஏத்திக்கிட்டு வா” என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

பின்சீட்டு முழுக்கப் பாயும் தலையணையும் கருவாட்டுப் பொட்டலமும். அதனால் அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். வெள்ளைத் துப்பட்டியைத் தலையிலிருந்து கால்வரை சுற்றியிருந்தாள். முகம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஒரே நெரிசல், டாக்சி, ரிக்‌ஷா, போர்ட்டர்கள். முதல் தடவையாக அவளை வைத்து ஓட்டுகிறேன், ஒரு உரசல்கூட இல்லாமல் கொண்டுபோக வேண்டும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன். கப்பலில் வாந்தி எடுத்தாயா, சாப்பிட்டாயா என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டேன். அவளும் ஊம், ஊம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு, “ரயிலை விட்டு எறங்குனதுலேர்ந்து எம்மொகத்தை நீங்க பாக்கவே இல்லை” என்றாள்.

“ஓட்டும்போது திரும்பக் கூடாது தாயி. பெரிய தப்பு அது.”

“அப்ப நிப்பாட்டிட்டுப் பாருங்க.”

கண்ட இடத்தில் நிறுத்த முடியாதே. காலிமுகத் திடல் வரைக்கும் போனேன். அங்கே கடலைப் பார்த்துக் கார்களை நிறுத்த இடம் உண்டு. கையை வெளியே நீட்டி மேலும் கீழும் அசைத்து வேகத்தைக் குறைத்து, ஓரங்கட்டி, பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தேன். அவளைப் பார்த்துத் திரும்பினேன்.

கன்னம் ஒட்டியிருந்தது, ஆனால் கண்ணில் ஒரு தெளிவு. என்னையே பார்த்துக்கொண்டு அவள் துப்பட்டியை மெல்ல விலக்கினாள். வயிறு நன்றாக மேடிட்டிருந்தது.

பெருநாளுக்கு நான் போய் வந்ததிலிருந்து மனத்துக்குள் மாதத்தை எண்ணினேன். “ஏன் எழுதலை?” என்று கேட்டேன்.

“பயமா இருந்துச்சு. சொல்லிட்டா தங்காதோன்னு. உம்மாட்டயும் எழுதக் கூடாதுன்னு சொல்லிப்புட்டேன். அவுக இந்த நெலமையில அனுப்பவே மாட்டேனுட்டாக. பேறுகாலத்துக்கு உம்மா வீட்டை விட்டு எவளாச்சும் போவாளான்னு ஒரே சத்தம். இந்தத் தடவை மச்சான் இருக்கிற எடத்துலதான்னு நானும் புடிச்ச பிடியில நின்னுட்டேன்.”

நான் அழுதேன். கார் ஓட்டுகிறவன், மீசை வைத்தவன், நாலு பேர் நடமாடுகிற இடம் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. அவள் துப்பட்டி முனையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். கருவாட்டு வாடையும் கடல் காற்றுமாகக் காருக்குள் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

“போகலாம், ரூம்பைக் காட்டுங்க” என்று கடைசியில் அவள்தான் சொன்னாள்.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். உள்ளே விட மறுத்தார்கள். கதவை ஒட்டியே நின்றேன். “மச்சான், இருக்கீகளா?” என்று உள்ளேயிருந்து அடிக்கடி கேட்டுக்கொண்டே இருந்தாள். இருக்கேன், இருக்கேன் என்றேன். நர்ஸம்மா வந்து சத்தம் போடாதே என்று அதட்டினார். அதற்கும் இருக்கேன் என்றேன். அவர் திரும்பி உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.